கப்பலுக்குப் போன ரயில்

இன்று ராமேஸ்வரத்துக்கு ரயிலேறுகிறவர்களிடம், ஒரு காலத்தில் ராமேஸ்வரம் வெறும் கிளைப்பாதையில் இருந்த ஊர் என்று சொன்னால் சட்டென்று நம்பமாட்டார்கள். பாம்பன் பாலத்தைக் கடந்து தீவுக்குள் நுழைந்ததும் பாம்பனில் தண்டவாளம் இரண்டாகப் பிரிந்தது. ஒன்று தங்கச்சிமடம் வழியாகக் கோயிலுக்குப் போனது. இன்னொன்று தெற்கே ஒதுங்கி, இரு பக்கமும் கடல் நெருங்கிவரும் மணல்திட்டின் மேல் தீவின் வால்நுனிவரை ஓடியது. மெட்ராஸ் எழும்பூரிலிருந்து வரும் மெயில் வண்டிக்கு இந்த இரண்டாவது பாதைதான் முக்கியம். அது போய் நின்ற இடம் தனுஷ்கோடி.

1914 முதல் 1964 வரை, சரியாகச் சொன்னால் ஐம்பது வருடமும் சில மாதங்களும், தனுஷ்கோடி ஸ்டேஷன் இந்தியாவின் ஒரு வாசலாக இருந்தது. புயல் அடித்தது, ரயில் மூழ்கியது, ஊர் அழிந்தது என்பது எல்லோரும் அறிந்த கதை. ஆனால் புயலுக்குப் பிறகு பாம்பன் பாலத்தைச் சரிசெய்து முடிக்க இரண்டு மாதம்கூட ஆகவில்லை. அதற்கப்பால் இருந்த தனுஷ்கோடிப் பாதையை மட்டும் இன்றுவரை யாரும் போடவில்லை. ஏன் என்ற கேள்வியைப் புயலிடம் கேட்டால் பாதிப் பதில்தான் கிடைக்கும். மீதிப் பதில் அந்த ஸ்டேஷன் யாருக்காக, எதற்காகக் கட்டப்பட்டது என்பதில் இருக்கிறது.

தனுஷ்கோடிக்கு முன்னால் இலங்கைக்குப் போகும் வழி தூத்துக்குடி. மெட்ராஸிலிருந்து ரயிலில் தூத்துக்குடி போய், அங்கிருந்து நீராவிக் கப்பலில் கொழும்புக்குப் போகவேண்டும். தூத்துக்குடியில் அன்று கரையோரம் ஆழம் கிடையாது. கப்பல் கடலுக்குள் மைல்கணக்கில் தள்ளி நங்கூரம் போட்டு நிற்க, பயணிகளைப் படகில் ஏற்றி அதுவரை கொண்டுபோனார்கள். அதற்கப்புறம் ஓர் இரவு முழுக்கக் கடல்; வயிற்றைக் குமட்டும் பயணம். ஆனால் தீவின் முனையிலிருந்து மன்னார்த் தீவின் தலைமன்னாருக்கு இருபது மைல் சொச்சம்தான். இரண்டு மணி நேரத்தில் கடந்துவிடலாம். தென்னிந்திய ரயில்வே கம்பெனியின் கண் அந்த மணல்முனையில் விழுந்ததற்கு இதுதான் காரணம்.

நடுவே இருந்த ஒரே இடைஞ்சல் பாம்பன் கால்வாய். 1911இல் பாலவேலை தொடங்கி, 1914 பிப்ரவரி 24 அன்று பாலம் திறக்கப்பட்டது. இரண்டு கிலோமீட்டருக்குச் சற்று அதிகமான நீளம். நடுவில் கப்பல் போவதற்காக இரண்டாகப் பிளந்து மேலே எழும் ஷெர்ஸர் தூக்குப்பாலம். அந்தத் தூக்குப்பாலத்துக்கு மோட்டார் கிடையாது. இரு பக்கமும் ஆட்கள் நின்று, இரும்புத் தண்டுகளைக் கையால் தள்ளிச் சுற்றிச் சுற்றி, நூற்றுக்கணக்கான டன் இரும்பை அண்ணாந்து நிற்கவைத்தார்கள். நூறு வருடம் தாண்டியும் அந்த வேலை கையால்தான் நடந்தது. பாலம் திறந்த கையோடு தனுஷ்கோடி – தலைமன்னார் கப்பல் சேவையும் தொடங்கியது. அந்தப் பக்கம் இலங்கை ரயில்வே மதவாச்சியிலிருந்து தலைமன்னாருக்குப் புதுப்பாதை போட்டுத் தயாராக இருந்தது.

கடலுக்குமேல் நேராகத் தண்டவாளமே போட்டுவிடலாம் என்ற யோசனையும் அப்போது இருந்தது. மணல்திட்டுகளைத் தொட்டுத் தொட்டு ஆதாம் பாலத்தின் மேல் ரயில் விடலாமா என்று அளந்து பார்த்தார்கள். முதல் உலகப்போர் வந்தது. பணமும் கவனமும் வேறு பக்கம் போயின. அந்தத் திட்டம் நடந்திருந்தாலும் எழும்பூரில் ஏறிய பெட்டி கொழும்புக்குப் போயிருக்க வழியில்லை. இந்தப் பக்கம் மீட்டர்கேஜ், அந்தப் பக்கம் பிராட்கேஜ். இரண்டு அரசுகளுக்கும் ஒரே எசமான். தண்டவாளத்தின் அகலத்தில் மட்டும் ஒற்றுமை இல்லை.

ஆகவே கப்பல்தான். ஆரம்பத்தில் ஓடிய கப்பல்களுக்குக் கர்சன், எல்ஜின், ஹார்டிஞ்ச் என்று வைஸ்ராய்களின் பெயர்கள். பிற்காலத்தில் வந்தவை இர்வின், கோஷன். வசதி என்னவென்றால், எழும்பூரிலேயே கொழும்புக்கு ஒரே டிக்கெட் வாங்கிவிடலாம். சாயங்காலம் மெட்ராஸில் ஏறினால் மறுநாள் பகலில் தனுஷ்கோடி. ரயில் ஸ்டேஷனோடு நின்றுவிடாமல் கப்பல்துறைவரை போகும். பெட்டியை விட்டிறங்கி, சுங்க அதிகாரியிடம் மூட்டையை அவிழ்த்துக் காட்டி, அப்படியே நடந்து கப்பலேற வேண்டியதுதான். தலைமன்னார் துறையிலும் இதேபோல ரயில் காத்திருக்கும். இரவு முழுக்க ஓடி மறுநாள் காலை கொழும்புக் கோட்டையில் இறக்கிவிடும். வண்டியின் பெயர் இந்தோ–சிலோன் எக்ஸ்பிரஸ் என்று மாறியபோதும் ஜனங்களின் வாயில் அது போட் மெயில்தான். 1952இல் மெட்ராஸையே உலுக்கிய ஆளவந்தார் கொலை வழக்கில், தலையில்லாத உடல் ஒரு டிரங்குப் பெட்டிக்குள் கிடந்தது இந்த வண்டியில்தான். நாற்றம் தாங்காமல் மானாமதுரையில் பெட்டியைத் திறந்து பார்த்தார்கள். கடல்வரை போகிற வண்டியில் ஏற்றிவிட்டால் பெட்டி கண்காணாத இடத்துக்குப் போய்விடும் என்று கொலைகாரர்கள் கணக்குப் போட்டிருக்கலாம்.

போட் மெயிலைப் பற்றி எழுதுகிறவர்கள் முதல் வகுப்பு மெத்தையையும் கப்பலின் மேல்தளத்துத் தேநீரையும் சொல்லாமல் விடமாட்டார்கள். அதைச் சொல்லட்டும். ஆனால் அந்த ஸ்டேஷனின் உண்மையான வாடிக்கையாளர்கள் மெத்தையில் வந்தவர்களல்ல. திருச்சி, சேலம், மதுரை, ராமநாதபுரம் ஜில்லாக்களிலிருந்து கங்காணிகள் திரட்டிவந்த தேயிலைத்தோட்டத் தொழிலாளர்கள் அவர்கள். பாட்டன் காலத்தில் இதே ஜனங்கள் தோணியில் மன்னாருக்குப் போய், அங்கிருந்து காட்டுவழியே கண்டிமலைக்கு நடந்தார்கள். வழியில் காலராவுக்கும் பசிக்கும் செத்தவர்கள் கணக்கில்லை. ரயிலும் கப்பலும் வந்தபிறகு அந்த நடைச்சாவு நின்றது. அந்த அளவில் 1914 ஒரு விடுதலைதான்.

விடுதலைக்கு முன்னால் ஒரு வேலி இருந்தது. அதன் பெயர் மண்டபம் கேம்ப். பாம்பன் பாலத்துக்கு முந்தைய கரையில், இந்திய மண்ணில், இலங்கை அரசு தன் செலவில் நடத்திய நோய்த்தடுப்பு முகாம் அது. திருச்சியில் தலைமையகம் வைத்திருந்த இலங்கைத் தொழிலாளர் கமிஷன் ஆள் சேர்ப்பைக் கவனித்துக்கொண்டது. தோட்டத்துக்குப் போகிறவர்களை முகாமில் சில நாள் இருத்தி, காலராவோ பிளேக்கோ இல்லையென்று டாக்டர் பார்த்தபிறகே தனுஷ்கோடிக்கு வண்டியேற்றினார்கள். துணிகளை ஆவியில் வேகவைத்துத் திருப்பிக் கொடுத்தார்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு தகர வில்லை. அதில் ஓர் எழுத்தும் எண்களும் பொறித்திருக்கும். எந்த மாவட்டம், எந்தத் தோட்டம் என்பது அதிலேயே தெரிந்துவிடும். கழுத்தில் கயிறு கட்டி அதை மாட்டிக்கொண்டால் தனியாக டிக்கெட் வேண்டாம். வழிச்செலவைச் சர்க்கார் தோட்டத்தின் கணக்கில் எழுதும். தோட்டம் அதை எங்கே வசூலிக்கும் என்று சொல்லவேண்டியதில்லை. எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் வழிதவறாமல் போய்ச்சேர அது நல்ல ஏற்பாடு என்று அந்தக் காலத்து அதிகாரிகள் பெருமைப்பட்டார்கள். மூட்டைக்கும் அதே ஏற்பாடுதான் என்பது அவர்களுக்குத் தோன்றவில்லை.

இப்படிப்பட்ட போக்குவரத்தை நம்பி ஓர் ஊர் வளர்ந்தது. ஸ்டேஷன், ரயில்வே குடியிருப்பு, சிறிய ரயில்வே ஆஸ்பத்திரி, தபால் ஆபீஸ், சுங்க ஆபீஸ், துறைமுக ஆபீஸ், பள்ளிக்கூடம், தேவாலயம், யாத்ரீகர்களுக்குச் சத்திரங்கள், ஜவுளிக்கடைகள். சேதுவில் தீர்த்தமாட வருகிறவர்களும் உண்டு, மீன்பிடிக்கிறவர்களும் உண்டு. வங்காள விரிகுடாப் பக்கத்தை உள்ளூர்க்காரர்கள் பெண்கடல் என்பார்கள்; மன்னார் வளைகுடாப் பக்கம் ஆண்கடல். ஒரு பக்கம் அடங்கிக் கிடக்க, மறுபக்கம் அலையடிக்கும். நிலத்தில் செங்கல்லுக்கு வழியில்லாததால் பல சுவர்களைக் கடலிலிருந்து எடுத்த பவளக்கல்லாலேயே எழுப்பினார்கள். குடிநீருக்கு மணலைக் கையால் தோண்டினால் போதும். நாலடியில் நல்ல தண்ணீர் ஊறிவரும்.

வாசல் மெல்ல மூடத் தொடங்கியது எப்போது? புயலுக்குக் கால்நூற்றாண்டு முன்னால். 1939இல் இலங்கையில் இந்தியர்களை வேலையிலிருந்து நீக்கும் நடவடிக்கைகள் தொடங்கியதும், பதிலுக்கு இந்திய அரசு தொழிலாளர்கள் இலங்கைக்குப் புலம்பெயர்வதைத் தடைசெய்தது. மண்டபம் கேம்ப் கட்டப்பட்டதே எதற்காகவோ அந்த வேலை அத்துடன் நின்றுபோனது. 1948இல் சுதந்திர இலங்கையின் குடியுரிமைச் சட்டம் வந்தது. தேயிலைத் தோட்டங்களில் தங்கிவிட்ட மலையகத் தமிழர்களில் பெரும்பாலோர் ஒரே சட்டத்தில் நாடற்றவர்கள் ஆனார்கள். அதுவரை ஒரு டிக்கெட்டோடு போய்வந்த இடத்துக்கு பாஸ்போர்ட், விசா, அனுமதிச்சீட்டு என்று காகிதங்கள் முளைத்தன. காகிதம் கிடைக்காதவர்கள் இரவில் வள்ளத்தில் ஏறினார்கள். ‘கள்ளத்தோணி’ என்ற பட்டம் இலங்கைப் பத்திரிகைகளிலும் அரசியல் மேடைகளிலும் புழங்க ஆரம்பித்தது. கப்பல் என்னவோ ஓடிக்கொண்டுதான் இருந்தது. ஆனால் அதை அதுவரை நிரப்பிய கூட்டம் இனி ஏற முடியாது.

1964 அக்டோபர் 30 அன்று இந்த நாடற்றவர்களைப் பற்றிய சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தானது. கணக்கில் வந்த 9,75,000 பேரில் 5,25,000 பேரை இந்தியா ஏற்றுக்கொள்ளும். 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை கொடுக்கும். மீதி 1,50,000 பேரைப் பற்றிப் பிறகு பேசுவோம் என்று விட்டார்கள். வந்த வழியே திரும்பப்போகும் ஐந்து லட்சத்துக்கு மேற்பட்டவர்களுக்கு மிகக் கிட்டத்தில் இருந்த இந்திய ஸ்டேஷன் தனுஷ்கோடி. அந்த வேலை அதற்கு வாய்க்கவில்லை. ஒப்பந்தம் முடிந்து எட்டு வாரத்துக்குள் புயல் வந்துவிட்டது.

டிசம்பர் 17 அன்று தெற்கு அந்தமான் கடலில் ஒரு தாழ்வு மண்டலமாக அது உருவானது. இரண்டு நாளில் கடும்புயலாக மாறியது. 21ஆம் தேதிக்குப் பிறகு கோடு கிழித்தாற்போல மேற்கே நகர்ந்து, 22ஆம் தேதி இலங்கையில் வவுனியாப் பகுதியைக் கடந்து, அன்றிரவு தனுஷ்கோடியை அடித்தது. ராமேஸ்வரத்துக்கு வந்திருந்த ஜெமினி கணேசனும் சாவித்திரியும் அங்கேயே சிக்கிக்கொண்ட செய்தி அந்த நாட்களில் தமிழ்நாட்டையே பதைக்க வைத்தது.

புயல் அடித்த அதே இரவு 11.55க்கு பாம்பனிலிருந்து 653ஆம் எண் பாசஞ்சர் புறப்பட்டது. பதிவான கணக்குப்படி 110 பயணிகள், 5 ரயில்வே ஊழியர்கள். தனுஷ்கோடி ஸ்டேஷனுக்குச் சில நூறு கஜம் இருக்கும்போது கடல் வண்டியை மூடியது. ஒருவரும் மிஞ்சவில்லை. சிக்னல் இறங்கவில்லை, டிரைவர் கொஞ்சநேரம் காத்திருந்தார், நீளமாக ஒரு விசில் ஊதிவிட்டு இருட்டுக்குள் மெல்ல நகர்த்தினார் என்று இன்றும் விவரமாகச் சொல்கிறார்கள். வண்டியிலிருந்து சாட்சி சொல்ல யாரும் வரவில்லை என்பதையும் சேர்த்துத்தான் இதைக் கேட்கவேண்டும். தந்திக் கம்பிகள் அறுந்து கிடந்ததால் ரயில் போன செய்தி மெட்ராஸை எட்டவே இரண்டு நாள் பிடித்தது. புயலில் இறந்தவர்கள் மொத்தம் 1,800 பேர்வரை இருக்கும் என்பது பொதுவாகச் சொல்லப்படும் மதிப்பீடு.

இனி நடந்ததில்தான் கேள்வியின் மீதிப் பதில் இருக்கிறது. பாம்பன் பாலத்தின் 126 கர்டர்களைக் கடல் உருவிப் போட்டிருந்தது. ஷெர்ஸர் தூக்குப்பாலம் மட்டும் தப்பியது. சரிசெய்யும் பொறுப்பு 32 வயது எஞ்சினியர் ஒருவரிடம் வந்தது. பின்னாளில் கொங்கண் ரயில்வேயாலும் டெல்லி மெட்ரோவாலும் நாடறிந்த இ.ஸ்ரீதரன்தான் அவர். புதுக் கர்டர் செய்து வரவழைக்க மாதக்கணக்காகும் என்றிருந்த நிலையில், விழுந்த கர்டர்கள் கடலடியில் கிடப்பதை மீனவர்கள் வந்து சொன்னார்கள். அவற்றைத் தூக்கியெடுத்துத் திரும்பப் பொருத்தினார்கள். 46 நாளில் பாலத்தின் மேல் வண்டி ஓடியது. அந்த வேகத்துக்கு அவருக்கு ரயில்வே அமைச்சர் விருது கிடைத்தது. பரிசுத்தொகை ஆயிரம் ரூபாய்.

இவ்வளவு வேகமாகப் பாலத்தைக் கட்டிய ரயில்வேக்கு, மணல்மேல் தண்டவாளம் போடத் தெரியாமல் போகவில்லை. ராமேஸ்வரத்துக்கு ரயில் வேண்டும் என்பதற்குக் கோயில் ஒன்றே போதும். காரணம் கேட்க வேண்டியதில்லை. தனுஷ்கோடிக்கு இருந்த ஒரே காரணம் கப்பல். கப்பலைக் கொஞ்சம் தள்ளி ராமேஸ்வரத்திலிருந்தே விட்டால் தொல்லை விட்டது என்று கணக்குப் போட்டவரைக் குறைசொல்ல முடியாது. மனிதர் வாழத் தகுதியற்ற இடம் என்று தனுஷ்கோடியை அரசு அறிவித்தது. கிளைப்பாதை முதன்மைப் பாதை ஆயிற்று. முதன்மைப் பாதை மணலுக்குள் போயிற்று.

ஒப்பந்தப்படி திரும்பிவந்தவர்கள் ராமேஸ்வரத்தில் வந்திறங்கினார்கள். தலைமன்னாரிலிருந்து அவர்களை ஏற்றிவந்த ராமானுஜம் கப்பலின் பெயரை மலையகக் குடும்பங்களில் இன்றும் சொல்லக் கேட்கலாம். கரையிறங்கியதும் அவர்களைக் கொண்டுபோன இடம் அதே மண்டபம் கேம்ப். பாட்டன் கழுத்தில் தகர வில்லை மாட்டிய முகாமில் பேரன் குடும்ப அட்டையோடு வரிசையில் நின்றான். அங்கிருந்து நீலகிரிக்கும் கொடைக்கானல் மலைக்கும் இன்னும் எங்கெங்கோவும் பிரிந்து போனார்கள். இலங்கையில் 1983 கலவரத்துக்குப் பிறகு அந்தக் கப்பலும் நின்றது. மண்டபம் முகாம் மட்டும் நிற்கவில்லை. இலங்கை அகதிகளுக்காக இன்றும் அது இருக்கிறது.

தனுஷ்கோடிக்கு ஜனங்கள் திரும்பவும் போக ஆரம்பித்தது வேடிக்கை பார்க்க. அப்போது முகுந்தராயர் சத்திரத்தோடு தார்ச்சாலை முடிந்துவிடும். அதற்கப்பால் மணலிலும் தண்ணீரிலும் தாவித் தாவிப் போகும் வேனில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றபடி போகவேண்டியிருந்தது. 2017இல் தீவின் நுனியான அரிச்சல்முனைவரை சாலை திறந்தபிறகு கார்கள் வரிசைகட்டுகின்றன. வருகிறவர்கள் படம் எடுத்துக்கொள்வது பெரும்பாலும் தேவாலயத்தின் முன்னால்தான். ஸ்டேஷனில் பார்க்க அவ்வளவு அழகு மிஞ்சவில்லை: சில தூண்கள், உடைந்த சுவர்கள், சற்றுத் தள்ளி நீராவி எஞ்சினுக்கு நீர் வைத்திருந்த தொட்டியின் மிச்சம். கிட்டே போய்ச் சுவரைப் பார்த்தால் பவளக்கல்லின் துளைகள் சின்னச் சின்னப் பூக்களாகத் தெரியும். காரை உதிர்ந்த இடத்தில் விரலை வைத்தால் வெள்ளைத் தூள் ஒட்டும். மணல் ஒதுங்கும் காலங்களில் பழைய தண்டவாளத் துண்டுகள் தலைகாட்டும். பக்கத்திலேயே சங்கு, சிப்பி மாலை, வறுத்த மீன் விற்கும் கொட்டகைகள். வாழத் தகுதியற்றது என்று எழுதிவைத்த ஊரில் மீனவக் குடும்பங்கள் வாழ்ந்துகொண்டுதான் இருக்கின்றன. மணலைத் தோண்டினால் இன்னும் நல்ல தண்ணீர்தான் வருகிறது.

தண்டவாளத்தைத் திரும்பப் போடும் பேச்சும் வந்தது. ராமேஸ்வரத்திலிருந்து தனுஷ்கோடிக்கு 17 கிலோமீட்டர் புதுப்பாதை, 208 கோடி ரூபாய் செலவு என்று சொல்லி, 2019 மார்ச் 1 அன்று பிரதமர் அடிக்கல் நாட்டினார். சூழல் பாதிக்கும் என்று தமிழக அரசு தயங்க, வேலை நகரவில்லை. 2025 ஜூனில் தனுஷ்கோடிப் பகுதியைப் பெரும் பூநாரைச் சரணாலயமாகவே மாநில அரசு அறிவித்துவிட்டது. இந்த விஷயத்தில் பறவைகள் பக்கம் சாய்வது சுலபம். சுற்றுலாக்காரர்களைத் தவிர வேறு யாரும் ஏறப்போகாத ரயிலுக்காக, இன்னொரு புயல் வந்தால் கரைந்துபோகும் மணலில் அவ்வளவு பணத்தைக் கொட்டவேண்டுமா என்பது நியாயமான கேள்விதான்.

கடலுக்கு அந்தப் பக்கம் நிலைமை வேறு. உள்நாட்டுப் போரில் சிதைந்த தலைமன்னார்ப் பாதையை இந்திய ரயில்வேயின் இர்கான் நிறுவனம் மறுபடி போட்டுக் கொடுத்தது. 2015 மார்ச்சில் இந்தியப் பிரதமரே போய்க் கொடியசைத்தார். இன்று கொழும்பிலிருந்து தலைமன்னார் துறைவரை ரயிலில் போகலாம். இந்தப் பக்கம் 2025 ஏப்ரல் 6 அன்று புதிய பாம்பன் பாலம் திறக்கப்பட்டது; பாலத்தின் ஒரு பகுதி மின்தூக்கி போல நேராக மேலேறுகிறது, கையால் சுற்ற ஆள் வேண்டாம். ராமேஸ்வரம் – தலைமன்னார் படகுச் சேவையைத் திரும்பத் தொடங்குவது பற்றி இரு நாட்டு அரசுகளும் 2023 முதல் கூட்டறிக்கைகளில் குறிப்பிட்டு வருகின்றன. எழும்பூரிலிருந்து இரவில் புறப்படும் ராமேஸ்வரம் வண்டியை ரயில்வே அட்டவணையே இன்னும் போட் மெயில் என்றுதான் குறிக்கிறது. படகு வந்துவிட்டால் அந்தப் பெயர் மறுபடி பொருந்திவிடும். கூட்டறிக்கைகள் எதிலும் தனுஷ்கோடியின் பெயர் இல்லை.